தேங்காய் எண்ணெய் உறையும் குளிர்

புரட்டாசி கடைசி வாரம். ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தெரிந்த தம்பி ஒருவன் டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கார் தொழிற்சாலையில் வேலை. சேர்த்துவைத்த பணத்தில், ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்னக் கேரவன் ட்ரெய்லர் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி, விடுமுறை நாட்களில் வாடகைக்கு விடுகிறான்.

"அண்ணே, மழை பிடிச்சா தை வரைக்கும் யாரும் வண்டி கேக்க மாட்டாங்க. ஓரமா நிறுத்தப்போறேன். வெளிநாட்டு வீடியோவுல குழாய்க்குள்ள ரோஸ் கலர்ல ஏதோ ஊத்தி மூடச் சொல்றாங்க. அது இங்க எங்க கிடைக்கும்?"

பல வருஷம் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. இன்னொன்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரோஸ் தண்ணீர். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அடைபட்ட குழாய்க்குள் அது நடந்தால் குழாய் பிளக்கும், பம்ப் உடையும், வெந்நீர்த் தொட்டி விரிசல் விடும். அதனால் குளிர்நாடுகளில் கேரவனை நிறுத்துமுன் தொட்டியையும் குழாய்களையும் வடித்துவிட்டு, எளிதில் உறையாத புரோப்பிலீன் கிளைக்கால் கலவையை உள்ளே ஓட்டுவார்கள். அடையாளத்துக்கு அதற்கு ரோஸ் நிறம் போட்டிருப்பார்கள். குளிர் குறைவான ஊர்களிலும் இந்த எச்சரிக்கை தேவைதான். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் எதிர்பாராமல் வந்த உறைபனியில் எத்தனையோ வீடுகளின் குழாய்கள் வெடித்தன.

நம் ஊரில்? சென்னையில் நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதிவைத்த கணக்கில் வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கியதே இல்லை. மார்கழியில் இங்கே உறைவது தேங்காய் எண்ணெய்தான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கெட்டிப்படும். ஆகவே ரோஸ் தண்ணீர் வேண்டாம். அது கிடைக்கவில்லையே என்று ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டைக் குடிநீர்க் குழாயில் விட்டுவிடவும் கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், விஷம். இதைத் தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"அப்போ ஒண்ணும் செய்ய வேண்டாமா?" என்றான். செய்யவேண்டியது நிறைய உண்டு. நம் முன்னோர் பனிக்காலத்துக்கு முன்னால் கூதிர் என்று ஒரு காலத்தைப் பிரித்து வைத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும். வண்டியைப் பொறுத்தவரை நமக்குக் குளிர்காலம் அதுதான். சென்னை வட்டாரத்தில் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. அவர்களுக்குத் தண்ணீர் குழாய்க்குள் இருந்து கெடுக்கிறது. நமக்கு வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்து கெடுக்கிறது.

தரையை முதலில் பார்க்கவேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேருவதும் செம்பரம்பாக்கத்துக்குத்தான். இந்தத் தொழிற்பேட்டை முழுக்க ஏரிகளுக்கும் தாங்கல்களுக்கும் நடுவில் எழுந்தது. வெயில் நாளில் பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். வாடகை குறைவு என்று காலிமனையில் நிறுத்துமுன் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வரைபடத்தையும் விட அந்தப் பதிலை நம்புவேன்.

அடுத்தது கூரை. இதற்கு வெளிநாட்டு வீடியோ தேவையே இல்லை. தம்பி வேலைசெய்யும் லைன் முடிவிலேயே பாடம் இருக்கிறது. கார் வெளியே போகுமுன் ஷவர் டெஸ்ட் அறைக்குள் நுழைகிறது. நாலாபக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சாண்ட்ரோ ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் இந்தச் சோதனையைப் பார்த்திருப்பார்கள்! தங்கள் சொந்த வண்டி என்று வரும்போது மட்டும் இது நினைவுக்கு வருவதில்லை.

ட்ரெய்லருக்குச் செய்யும் முறை இது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரவேண்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பைக் கீழிருந்து தொடங்கி மேலே கொண்டுபோகவேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு ஜன்னல் ஓரம், பிறகு விளக்குப் பொருத்திய இடம், கடைசியில்தான் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிஷம். எடுத்த எடுப்பில் மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஓட்டை எங்கே என்று தெரியாமல் போகும். கசிவு தெரிந்தால் பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, இடத்தைக் காயவைத்துப் புதிதாகப் போடவேண்டும். பழசின் மேலேயே பூசினால் ஒரு மழைகூடத் தாங்காது. ஓடுகிற வண்டி அதிர்கிறது, வெயிலில் விரிகிறது. அதோடு சேர்ந்து இழுபட்டுக் கொடுக்கிற பாலியூரிதேன் சீலன்ட்தான் கூரை மூட்டுகளுக்கு நல்லது.

அப்படியே தரைப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று கேட்டால் நலம். சத்தம் மந்தமாக வந்தால், மிதிக்கும்போது அமுங்கினால், பிளைவுட்டின் அடுக்குகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. நம் கடைகளில் ஐ.எஸ். 303 முத்திரை போட்டது சாதாரணப் பலகை, ஐ.எஸ். 710 முத்திரை போட்டது மரைன் பிளை. ட்ரெய்லர் தரைக்கு முதலாவதைப் போட்டு மிச்சம்பிடிக்கும் காசு மூன்று மழைக்காலத்தில் கையைவிட்டுப் போய்விடும்.

இனி காற்று. தம்பியின் திட்டம், நல்ல தார்ப்பாய் வாங்கி, மேலிருந்து கீழ்வரை போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிவிடுவது. மழையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற அக்கறையில் பலரும் செய்வது அதுதான். நான் பார்த்தவரை மழையில் நேராக நனைந்து கெட்ட வண்டிகளைவிட இப்படி மூடிவைத்துக் கெட்டவைதான் அதிகம்.

கார்த்திகை மாதத்து நம் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மழை விட்டு வானம் வெளுத்த ராத்திரியில் தகரக் கூரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஜில்லென்ற சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, கூரையின் உட்புறத்தில் நீர் கோத்துக்கொள்ளும். தார்ப்பாய் சுற்றியிருந்தால் அந்த ஈரத்துக்குப் போக வழி இல்லை. பகலில் ஆவியாகி, ராத்திரி மறுபடி துளியாகி, மெத்தைக்குள்ளும் அலமாரி மூலையிலும் இறங்கும். பத்தே நாளில் கதவைத் திறந்தால் ஓதம் வாடை. பிறகு பூசணம்.

"ஆனா அண்ணே, எங்க பேக்கிங் செக்‌ஷன்ல பாகத்தை எல்லாம் இறுக்கி மூடித்தானே கப்பல்ல அனுப்புறாங்க? ஒரு துளி துரு வர்றதில்லையே?"

இந்தக் கேள்விக்காகவே இன்னொரு டீ சொல்லலாம். ஏற்றுமதிப் பெட்டியில் இரண்டு காரியம் நடக்கிறது. துருவைத் தடுக்கும் ஆவியை மெல்ல வெளியிடும் விசிஐ கவருக்குள் பாகத்தை வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தைச் சிலிக்கா ஜெல் உறிஞ்சிக்கொள்கிறது. வெளியிலிருந்து புது ஈரம் வராததால் அந்தச் சின்னப் பொட்டலம் போதுமானதாகிறது. ட்ரெய்லரை அப்படி ஒட்ட முடியுமா? கதவிடுக்கு உண்டு, வயர் நுழையும் துளை உண்டு, சிங்க் குழாய் உண்டு. அதற்குள் சிலிக்கா ஜெல் பையைத் தொங்கவிட்டால் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சப் பார்த்து, சீக்கிரமே நிறம் மாறி நின்றுவிடும். ஆகவே ஒன்று முழுக்க அடைக்கவேண்டும், முடியாவிட்டால் காற்று ஓட விடவேண்டும். இரண்டும் இல்லாத நடுநிலைதான் வண்டியைக் கெடுக்கிறது.

ட்ரெய்லருக்குக் காற்று ஓடும் வழிதான் சரி. முடிந்தால் நாலு கால் நட்டு, மேலே தகரக் கொட்டகை போடுங்கள். வண்டிக்கும் கொட்டகைக்கும் நடுவே கை நுழையும் இடம் இருக்கட்டும். தார்ப்பாய்தான் கதி என்றால் கூரையை மட்டும் மூடிச் சரிவாக இழுத்துக் கட்டி, பக்கங்களை விட்டுவிடுங்கள். கீழே ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் மேலே ஒரு திறப்பு, இரண்டுக்கும் நெருக்கமான கம்பிவலை. மெத்தைகளைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள், இடம் இருந்தால் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது இன்னும் நல்லது. அலமாரிக் கதவுகள், ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் திறந்தே இருக்கட்டும். மழைவிட்டு வெயில் தலைகாட்டும் நாளில் நடுப்பகலில் போய் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் அகலத் திறந்துவிட்டு வாருங்கள். சிலிக்கா ஜெல்லுக்கும் வேலை உண்டு. சர்க்யூட் பெட்டி, கருவிப்பெட்டி போல இறுக மூடக்கூடிய சின்ன இடங்களுக்குள் போடுங்கள். நீல மணி ரோஸ் நிறமானால் மாற்றவேண்டும். அதைச் சமையல் வாணலியில் வறுத்துக் காயவைக்க வேண்டாம், அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியை நாமும் வடிக்கத்தான் வேண்டும். நமக்குக் காரணம் கொசு. டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்குப் பத்து நாள் போதும். தொட்டி, ஏ.சி. தட்டு, தார்ப்பாய்க் குழிவில் நிற்கும் தண்ணீர் மூன்றையும் பாருங்கள். சிங்க்கின் அடியில் வளைந்த குழாயில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும், கரப்பானையும் கழிவுநீர் வாடையையும் தடுப்பது அதுதான். மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் அது ஆவியாகாது. தையில் வண்டியை எடுக்கும்போது, 100 லிட்டர் தொட்டிக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி கலந்து, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, நாலு மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை கழுவுங்கள்.

பேட்டரியில் நாம் குளிர்நாட்டுக்காரர்களைவிடக் கவனமாக இருக்கவேண்டும். சும்மா இருக்கும் பேட்டரியும் தானாகச் சார்ஜ் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி போய்விட்டது, உடனே சார்ஜ் போடவேண்டும். லித்தியம் வகையாக இருந்தால் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போகலாம்.

டயருக்கு அடியில் பலகை, சக்கரத்துக்குக் கட்டை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு பிடித்துக்கொள்ளும். ஜெனரேட்டர் இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, பர்னர் துளையைத் துணியால் மூடுங்கள். குளவி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது. வயல் எலி மழைக்கு மேட்டைத் தேடி வரும், பின்னாலேயே பாம்பும். அரிசி, பிஸ்கட் ஒரு துணுக்குகூட உள்ளே இருக்கக்கூடாது.

கேரவன் என்றால் நம்மவர்களுக்குச் சினிமா நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். அது மாறிவருகிறது. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோது அங்கே அறிமுகமான பாரத்பென்ஸ் கேரவனின் தாய்வீடு இதே ஒரகடம்தான். அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. செய்வது நம் ஊர் என்றால், பராமரிக்கும் அறிவும் நம் ஊர் மழைக்கு ஏற்றபடி இங்கேயே வளரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எல்லாம் கேட்ட தம்பி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தை மாசம் ஊட்டி அவலாஞ்சிக்கு ஒரு பார்ட்டி கேட்டிருக்காங்கண்ணே. அங்க உறைபனி விழுமே?" என்றான்.

விழும். சில ராத்திரிகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். அங்கே மட்டும் அந்த வீடியோக்காரர் சொன்னது நமக்கும் பொருந்தும். ரோஸ் தண்ணீர் அப்போதும் வேண்டாம். படுக்குமுன் பம்ப்பை நிறுத்தி, எல்லாக் குழாயையும் திறந்து, வடிகால் வால்வையும் திறந்துவிட்டால் போதும். காலையில் டீ போடத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளட்டும்.

"அப்போ ஷவர் டெஸ்ட்?"

"ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். ஏணி நான் எடுத்துட்டு வரேன். உள்ள உக்கார ஒரு ஆளக் கூட்டிட்டு வா."