உங்களுக்குத் தெரியுமா? ஒரே தங்கம், இரண்டு வழிகள்

2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் டென்னிஸ் கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற சானியா மிர்சாவும் சாகேத் மைனேனியும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். வந்த வழிதான் வேறு. ஹைதராபாத் சானியா 2003-இல், பதினாறு வயதில், தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார்; 2005-இல் சொந்த ஊரிலேயே மகளிர் தொழில்முறை டென்னிஸின் டபிள்யூ.டி.ஏ. பட்டம். ஆந்திராவின் சாகேத் அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனார், யு.எஸ். ஓபன் பிரதான சுற்றை எட்டியது 2016-இல், 28 வயதில்.

கல்லூரி அவர் காலத்தைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா? தரவரிசையின் அடித்தட்டில் ஆடுபவருக்குப் பரிசுப் பணம் விமான டிக்கெட்டுக்கே காணாது. பயிற்சியாளர், ஓட்டல், ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றுவது எல்லாம் கைக்காசு. கல்லூரி அணியிலோ உதவித்தொகை, பயிற்சி, போட்டி எல்லாம் ஒரே இடத்தில்; முழங்கால் பழுதானாலும் படிப்புப் பட்டம் மிஞ்சும். சானியா கல்லூரிக்குக் காத்திராமல்தானே ஜெயித்தார் என்பார்கள். ஆனால் பதினாறிலேயே விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றவருக்கு கல்லூரியா, தொழில்முறையா என்ற குழப்பமே கிடையாது, குழப்பம் மற்றவர்களுக்குத்தான். கல்லூரியைத் தவிர்த்த எல்லோருக்கும் அது பலிப்பதில்லை: கூடைப்பந்தில், கல்லூரிக்குப் போகாமலே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் 2015 வீரர் தேர்வில் நின்ற பஞ்சாபின் சத்னம் சிங்கை டல்லாஸ் அணி 52-ஆவதாக எடுத்தது, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. டென்னிஸுக்கே திரும்பினால், இன்சியானில் சாகேத்தோடு ஆடவர் இரட்டையர் வெள்ளி வென்ற சனம் சிங்கும் கல்லூரி வழி வந்தவரே: வர்ஜீனியா பல்கலைக்கழகம்.