இரண்டாம் பிரிவுக் காற்பந்தும் மாதக் கடைசிச் சம்பளமும்

மலாக்காவில் மெர்லிமாவிலிருந்து செர்க்காமுக்கும் ஜாசினுக்கும் செல்லும் சாலைகளின் ஓரத்தில், எல்லைக்கோடு வரை செம்பனை நெருங்கி நிற்கும் தோட்டத்துத் திடல்களிலே, வாய் பிளந்த பூட்சைச் சைக்கிள் டியூபினால் இறுகக் கட்டிக்கொண்டு மாலைதோறும் பந்தாடும் பையன்களை விசாரித்தால், சூப்பர் லீக்கைத் தவிர வேறொரு லீக்கின் பெயர் அவர்கள் வாயில் வருவது அபூர்வம். ஆனால் அவர்களில் எவனுக்கேனும் காற்பந்து ஜீவனோபாயமாக வாய்க்குமானால், அது பெரும்பாலும் அதற்கு அடுத்த பிரிவிலேதான் வாய்க்கும். ஆகையால் அந்தப் பிரிவின் உள்விவகாரங்களைப் பையன்களைவிட அவர்களைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்வது அத்தியாவசியம்.

நம் மலேசியாவில் இரண்டாம் பிரிவு நிலையான ஸ்தாபனமாக வேரூன்றியதே இல்லை. 1989-இல் அரைத் தொழில்முறை லீக் இரண்டு பிரிவுகளோடு தோன்றியது. 1994-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. 1998-இல் மறுபடியும் பிரிந்தன. 2004-இல் சூப்பர் லீக், பிரிமியர் லீக் என்று நாமகரணம் நடந்தது. 2022 பருவத்தோடு பிரிமியர் லீக் கலைக்கப்பட்டது. 2019 முதல் மூன்றாம் படியாக நடந்துவந்த எம்3 லீக்கே பின்னர் இரண்டாம் படியாகி, 2024-25 பருவத்தில் ஏ1 அரைத் தொழில்முறை லீக் என்ற பெயரைப் பெற்றது. 2021-இல் பதினெட்டு வயதில் பிரிமியர் லீக்கிலே காலடி வைத்த ஒரு பையன், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே, நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று லீக்குகளின் பெயர்களைக் கண்டுவிட்டான்.

அட்டவணையில் மேலே வந்தால் மட்டும் மேற்பிரிவுக்கு ஏறிவிட முடியாது. மைதானம், பயிற்றுநர், இளையோர் குழு, தணிக்கை செய்த கணக்கு, சம்பள நிலுவையின்மை ஆகியவற்றையெல்லாம் பரிசீலித்து வழங்கப்படும் உரிமம் ஒன்று கையில் இருந்தாக வேண்டும். பெரிய குழு ஒன்றின் இரண்டாம் அணி 2022-இல் பிரிமியர் லீக் வாகை சூடியும், தன் தலைமைக் குழுவோடு ஒரே பிரிவில் ஆடக் கூடாதென்பதால், ஏறும் தகுதி அதற்கு இல்லாமற்போனது. நம் மலாக்கா மாநிலமோ அக்காலத்து மூன்றாம் படியான ஃபாம் லீக்கிலிருந்து எழுந்து, 2016-இல் பிரிமியர் லீக்கை வென்று, 2017-இல் சூப்பர் லீக்கில் பிரவேசித்து, க்ருபோங்கிலுள்ள ஹங் ஜெபாட் அரங்கத்தைக் கோலாகலமாக்கியது. 2023-இல் சூப்பர் லீக் பட்டியலில் மாநிலத்தின் பெயரே இல்லை. 2025-26 பருவத்தில்தான், வேறொரு குழுவின் மூலம், அது திரும்பி வந்தது. இந்தியர்களின் விளையாட்டு முயற்சியாக உருவாகி 2017-இல் பிரிமியர் லீக்கிலும், பின்னர் வேறு பெயரில் 2019 முதல் சூப்பர் லீக்கிலும் ஆடிய மிஃபா குழுவின் பரம்பரையும் 2022-க்குப் பிறகு களத்தைவிட்டு விலகியது.

குழுக்கள் தோன்றுவதும் மறைவதும் சகஜம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குழுவை நம்பித் தொழிற்சாலை வேலையை விட்ட பையனின் கதி என்ன என்பதே நம்மை வாட்டும் கேள்வி. இந்தப் பிரிவில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே செல்லும். ஆட்டமில்லாத மாதங்களில் வருமானம் இல்லை. பகலில் ஷிப்டு வேலை, இரவில் பயிற்சி, வடக்கே கிளந்தான் வரை ஆட வேண்டியிருந்தால் பஸ்ஸிலேயே உறக்கம் என்று உடலை வருத்திக்கொள்பவனுக்கு, முழங்கால் தசைநார் அறுந்துபோனால் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது என்பதை முன்கூட்டியே விசாரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை.

உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தமும், ஆடுவதற்காகும் செலவைவிட அதிகமான ஊதியமும் உடையவனே தொழில்முறை ஆட்டக்காரன். 2018-இல் சேர்க்கப்பட்ட விதியொன்றின்படி, இரண்டு மாதச் சம்பளம் நியாயமின்றி நிலுவையானால், அவன் எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்தபின், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ‘அலவன்ஸ்’ என்ற பெயரில் உறையில் போட்டுக் கொடுக்கும் வெள்ளியை வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட தாளின் பிரதியைக்கூடக் கேட்டு வாங்காமல் ஆடுபவனுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாக்கனியே.

பழைய தோட்டக் காலத்தில் பந்தும் சட்டையும் நிர்வாகம் கொடுத்தது. ஆட்டக்காரனுக்குத் தோட்டத்திலேயே வேலை இருந்தது. ஆட்டத்தில் தோற்றாலும் மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனால் கூலி நிச்சயம். லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அந்த நிச்சயம் போய்விட்டது. நுழைவுச்சீட்டு வசூல் சொற்பம், புரவலர்கள் அரிது என்று குழு நடத்துவோர் முறையிடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை; அந்த நஷ்டத்தை இருபது வயதுப் பையன் சுமக்க வேண்டும் என்பதற்கு மட்டும் நியாயம் கிடையாது.

ஆகவே பெற்றோரே, குழுவிலிருந்து அழைப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் சட்டையின் எண்ணைக் கேட்பதற்கு முன் சம்பளத் தேதியைக் கேளுங்கள். ஊழியர் சேமநிதி கட்டுவார்களா, காயத்துக்குக் காப்புறுதி உண்டா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டி, அதன் பின்பே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்; கையெழுத்திட்ட பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பையன் கையில் ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழும் இருக்கட்டும். இரண்டாம் பிரிவில் ஆடுபவனுக்கு அதுவே மாதக் கடைசிச் சோற்றுக்கு உத்தரவாதம்.