ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லையா? மீட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களை இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இந்த வண்டிகளில் ஒருநாள் திடீரென்று வேகம் காட்டும் முள் படுத்துவிடும். ஒர்க் ஷாப்பில் கேட்டால், “மீட்டர் போயிடுச்சு சார், வேற போட்டுடலாம்” என்று பதில் வரலாம். ஆனால், கோளாறு மீட்டரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குக் கீழே ஓடும் கேபிளிலோ, கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்திலோகூட இருக்கலாம். எங்கே கோளாறு என்று தெரியாமல் மீட்டரை மாற்றினால் செலவும் வீண். கார் ஓடிய கணக்கும் போய்விடும்.

முள் எப்படி நகர்கிறது?

பழைய கார்களில் உள்ள ஸ்பீடோமீட்டரின் அடிப்படை நூறாண்டு பழையது. ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் 1902-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கியர்பாக்ஸில் உள்ள பல்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனை மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால், காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சிறு மின்னோட்டம் உண்டாகி, அது கிண்ணத்தைக் காந்தம் சுழலும் பக்கமாகவே இழுக்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டரின் கதை வேறு. அதில் காந்த வேலை எதுவும் இல்லை. அதே கேபிள் பல்சக்கரங்கள் வழியாக எண்களை நேரடியாகத் திருப்புகிறது. கோளாறைக் கண்டுபிடிக்கும் சாவி இதுதான்.

முள்ளையும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்

முள்ளும் அசையவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள். அடுத்தது கியர்பாக்ஸ் பினியன்.

கிலோமீட்டர் ஏறுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது. கோளாறு மீட்டருக்குள், காந்தம், கிண்ணம், ஸ்பிரிங் இருக்கும் பகுதியில்.

முள் சரியாகக் காட்டுகிறது, கிலோமீட்டர் மட்டும் நின்றுவிட்டது என்றால் ஓடோமீட்டரின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம் அல்லது அச்சில் வழுக்கலாம்.

முள் தந்தியடிப்பதுபோல் துடித்தால், ‘கீச் கீச்’ என்று சத்தமும் வந்தால், கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. உள் கம்பி சிக்கிச் சிக்கி விடுபடுவதால்தான் முள் ஆடுகிறது. இதை அப்படியே விட்டால் ஒருநாள் கேபிள் அறுந்துவிடும்.

மெதுவாகப் போகும்போதே முள் கடைசி எண்ணுக்கு ஓடினால், அழுக்கோ கிரீஸோ புகுந்து காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று பிடித்திருக்கலாம். உடனே கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஸ்பிரிங்கும் கெட்டுவிடும்.

கேபிளைச் சோதிப்பது எப்படி?

கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வேலை பார்த்த பிறகு முள் நின்றிருந்தால், கேபிள் முனை சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்டும்போது முனை சரியாக உட்காராமல் போவது உண்டு.

அது சரியாக இருந்தால், கேபிளை மீட்டர் பக்கம் கழற்ற வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, வண்டியை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் சக்தி போகும் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். மாருதி 800-ல் அது முன்சக்கரம். அம்பாசடரில் பின்சக்கரம். அதைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் சக்கரம் சுற்றாது என்பதால், முன்சக்கரங்களுக்குக் கட்டாயம் கட்டை கொடுக்க வேண்டும்.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் கேபிளின் உள் கம்பியும் சுழல வேண்டும். சுழன்றால் கோளாறு மீட்டரில். சுழலாவிட்டால் உள் கம்பியை மேலே இழுத்துப் பாருங்கள். பாதித் துண்டு வந்தால் அறுந்துவிட்டது என்று பொருள். முழுதாக வந்தால், அதன் சதுர முனை உருண்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால் கியர்பாக்ஸ் பினியனைக் கழற்றிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

புது கேபிள் போடும்போது கிரீஸை அள்ளிப் பூசக் கூடாது. கியர்பாக்ஸ் பக்கமிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு லேசாகத் தடவினால் போதும். மேல்பகுதியைக் காய்ந்தபடியே விட வேண்டும். சுழலும்போது கிரீஸ் மெல்ல மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும். கேபிள் போகும் வழியில் கூர்மையான வளைவும் இருக்கக் கூடாது.

முள் ஓடுகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறதே?

இதைச் சரிபார்க்க போனில் உள்ள ஜி.பி.எஸ். போதும். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல் இருக்கிறது. சீரான வேகத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆனால் வேகம் 60 கி.மீ. 72 விநாடி என்றால் 50, 90 விநாடி என்றால் 40. நேரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் கண் சாலையில் இருக்கட்டும்.

மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பயமில்லை. ஐ.நா.வின் வாகன விதிமுறையே, உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்றும், 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்டலாம் என்றும்தான் சொல்கிறது. குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து.

அதற்கு ஒரு காரணம் டயர். 145/70 ஆர்12 டயர் இருந்த இடத்தில் 145/80 ஆர்12 போட்டால் விட்டம் சுமார் 5.7 சதவீதம் கூடும். முள் 60 காட்டும்போது கார் 63-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பற்களின் எண்ணிக்கை வேறான பினியனைப் போட்டாலும் இதே சிக்கல்தான். புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகம் வாங்குபவர்கள் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

காரணம் எது என்று பிரித்தறிய ஓடோமீட்டரைப் பாருங்கள். 10 கல் தாண்டும்போது அதிலும் அதே அளவு பிழை வந்தால் டயர் அல்லது பினியன். கிலோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால் மீட்டர். காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும்.

கேபிள் இல்லாத கார்களில்?

பின்னால் வந்த கார்களில் கேபிளுக்குப் பதில் சென்சார் இருக்கும். இவற்றில் பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் எல்லாம் சேர்ந்து படுத்துவிட்டால் ஃபியூஸையும் எர்த் ஒயரையும் பாருங்கள். வேகம் மட்டும் வரவில்லை என்றால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சுத்தம் செய்த பிறகும் சரியாகாவிட்டால்தான் சென்சாரை மாற்ற வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கர சென்சாரைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

வேகமானி வேலை செய்வது சட்டப்படியும் அவசியம். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போகும்போது இதுவும் கேள்விக்கு வரும். வேக வரம்பை மீறினால் காருக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை அபராதம் உண்டு. “மீட்டர் ஓடலை சார்” என்று சொன்னால் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, கேபிள் அறுந்த நாளிலிருந்து ஓடோமீட்டரும் நின்றுவிடுகிறது. ஆயில் மாற்றும் கணக்கு, டைமிங் பெல்ட் மாற்றும் கணக்கு எல்லாம் அதோடு தவறிவிடும். பழைய கார் வாங்குபவர்கள், கிலோமீட்டர் குறைவாக இருந்து பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்திருந்தால், கேபிள் எத்தனை நாள் கழன்று கிடந்தது என்று கேட்க வேண்டும்.

மீட்டரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் மாற்றிய தேதியையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அந்தக் காரை வாங்குபவருக்கு அதன் உண்மையான வயதைச் சொல்ல அந்தச் சீட்டு மட்டும்தான் மிஞ்சும்.