வலி நின்றதே என்று இருந்துவிடாதீர்கள்!

பேளுக்குறிச்சியில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் சீரகம், மிளகு, பெருங்காயம் என்று வயிற்றுக்கு இதமானதெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், "சூட்டு வலிதான் கண்ணு" என்று பாட்டி சீரகத் தண்ணீர் கொடுப்பார். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாத வலி ஒன்று உண்டே, அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பெருங்குடலின் தொடக்கத்தில் விரல் போலத் தொங்குவது குடல்வால். கெட்டிப்பட்ட மலத்துணுக்கு அதன் வாயை அடைத்தால் உள்ளே சீழ் பிடித்து வீங்கும். முதலில் தொப்புளைச் சுற்றி வலி. சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, வாந்தி, லேசான காய்ச்சல். இந்த நேரத்தில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது கூடவே கூடாது!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வண்டி குலுங்கும்போதெல்லாம் வலி சுரீரென்கிறதா? இங்கிலாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வேகத்தடையில் வலி கூடியதாம். வேறு வயிற்றுக் கோளாறிலும் அப்படி வலிக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெடிக்கும்போதுதான் ஏமாற்று வேலை. உள்ளிருந்த அழுத்தம் குறைவதால் வலி சற்று விடும். 'அப்பாடா' என்று நாம் அடுப்படிக்குப் போவோம். பிறகு வயிறு முழுவதும் வலித்து, பலகை போல் கெட்டிப்பட்டு, காய்ச்சல் ஏறும். மாயாஜால நிபுணர் ஹூடினி 1926-ல் கடும் காய்ச்சலோடு மேடையேறினார். குடல்வால் வெடித்திருந்தது. அக்டோபர் 31-ல் இறந்துபோனார்.

இன்று ஸ்கேன் இருக்கிறது. வலிக்கிற இடத்திலேயே அழுத்துகிறாரே என்று டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். நல்ல குடல்வால் அழுத்தினால் தட்டையாகும். வீங்கியது ஆகாது, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தும் இருக்கும். இப்படிப் பார்க்கும் முறையை 1986-ல் பைலார்ட் என்ற டச்சு டாக்டர் எழுதி வைத்தார். வெடித்துவிட்டாலோ அது சுருங்கிக் கண்ணுக்கே அகப்படாமல் போகலாம்! சுற்றிலும் தேங்கிய நீரும் சீழ்க்கட்டியும்தான் தெரியும். ஆகவே ரிப்போர்ட்டில் 'குடல்வால் தெரியவில்லை' என்றிருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வலி இருந்தால் மறுபடி காட்ட வேண்டும். சி.டி. ஸ்கேனில் சுவரின் பிளவு, குடலுக்கு வெளியே காற்று, நழுவி விழுந்த கல் எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் கதிர்வீச்சு உண்டு என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் சாதாரண ஸ்கேன்தான். கர்ப்பிணிக்குத் தேவையானால் எம்.ஆர்.ஐ.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இடம் காட்டிச் சொல்லத் தெரியாது. அதனால் வெடித்த பிறகே பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சுருண்டு படுத்து, நடக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக் கூனி நடந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், ஆகவே கிளம்பும்போது பால்கூடப் புகட்டாதீர்கள்.