மொட்டைமாடிச் சாயப்பட்டறை

சின்னாளபட்டிப் பக்கம் போனால் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறைகளைப் பார்க்கலாம். நான் போனது அதே திண்டுக்கல் வட்டாரத்தில் இருக்கும் இன்னொரு சாயப்பட்டறைக்கு. இங்கே சாயம் ஏறுவது கோழிக்கு. அதுவும் முட்டைக்குள்ளேயே ஏறிவிடுகிறது!

ஃபேன்சி கோழிக் கண்காட்சிகளில் கூண்டுக்கு வெளியே நின்று வாயைப் பிளந்திருக்கிறேன். அந்தக் கோழிகள் உருவாகும் இடத்துக்குள் எட்டிப் பார்க்க இப்போதுதான் வாய்த்தது. வாங்க, நீங்களும் கூட வாங்க. ஆனால் செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள். முதல் படியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஊதா நிறத் தண்ணீர் இருக்கிறது, பொட்டாசியம் பர்மாங்கனேட். அதில் காலை நனைத்த பிறகுதான் மேலே அனுமதி. வெளியாள் வெள்ளைக்கழிச்சலைக் காலோடு கொண்டுவந்துவிட்டால் மாடியே காலியாகிவிடும் என்று பயம். நியாயமான பயம்தான்.

மேலே ஏறினால் ஒரே களேபரம். பழைய கட்டில் சட்டத்தில் வலை அடித்த கூண்டு, கேரம்போர்டைக் கூரையாகப் போட்ட கூண்டு, ஓரத்தில் கவிழ்த்த பஞ்சாரம், அதற்குமேல் தீவன மூட்டை. கொடியில் காயும் பள்ளிச் சீருடை முழுக்கப் பஞ்சிறகு. எச்சத்தின் நெடி முதலில் கண்ணைக் கரிக்கும், அப்புறம் பழகிவிடும். சேவல்கள் முறை வைத்துக் கூவுவதால் பேச்சு வார்த்தையெல்லாம் இடைவேளையில்தான். “இது வந்து தம்பி...” என்று கோழிகளை வளர்க்கும் அண்ணன் ஆரம்பிப்பார், பின்னாலிருந்து ஒருவன் கொக்கரக்கோ. அவர் கையைத் தூக்கி நிறுத்துவார், கூவி முடியட்டும் என்று. மறுபடி “இது வந்து தம்பி...”

இங்கே இருப்பவை பெரும்பாலும் சீன வம்சத்துக் குட்டை ரகக் கொச்சின். கால் விரல்வரை இறகு மூடிய, உருண்டு திரண்ட சின்னக் கோழிகள். அண்ணன் பகலில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். காலையும் மாலையும் நிறம் பிடிக்கிறார்.

முதலில் அவர் மாட்டிக்கொண்டது நீலத்தில். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை, கருமை கரைந்த சாம்பல். ஒவ்வோர் இறகின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கருங்கோடு. “புளூவோட புளூவைச் சேர்த்தா புளூதானே வரணும்னு காசைக் கொட்டி ஒரு செட்டு வாங்குனேன். பொரிச்சது பாருங்க, கருப்பு ஒண்ணு, புளூ ரெண்டு, இன்னொண்ணு வெள்ளையில மை தெளிச்ச மாதிரி! ஏமாத்திட்டான்னு விக்கிறவன்கிட்ட சண்டைக்கே போயிட்டேன்.”

விற்றவர் ஏமாற்றவில்லை என்பதைக் கண்டுபிடித்தது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அவள் சாக்பீஸால் போட்ட நாலு கட்டம் இன்னும் அழியாமல் இருக்கிறது. உயிரியல் பாடத்தில் வருகிற பன்னெட் கட்டம். நீலத்துக்கும் நீலத்துக்கும் பிறக்கிற குஞ்சுகளில் சராசரியாக நாலில் ஒன்று கருப்பு, இரண்டு நீலம், ஒன்று ‘ஸ்பிளாஷ்’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கட்டத்துக்குப் பெயர் கொடுத்த பன்னெட்டே கோழிக்காரர்தான்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பேட்சனும் அவரும் நீல ஆண்டலூசியன் கோழிகளை வைத்து இதே புதிரைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அண்ணன் கெட்டிக்காரர். நீலத்தோடு நீலத்தைச் சேர்ப்பதே இல்லை. யாரும் சீண்டாத ஸ்பிளாஷ் சேவலைக் கருப்புப் பெட்டைகளோடு விடுகிறார். பிறக்கிற அத்தனையும் நீலம். “அழகில்லாத ரெண்டு, அழகான கூட்டத்தைப் பெத்துப் போடுது. எங்க கல்யாண ஆல்பத்தைப் பார்த்தா உங்களுக்கே புரியும்” என்கிறார். கீழேயிருந்து அண்ணி, “காது கேக்குது!” என்கிறார்.

அடுத்த கூண்டில்தான் நிஜமான பித்து இருக்கிறது. அவருக்கு இப்போது வேண்டியது லாவண்டர். உடம்பு முழுக்க ஒரே சீராக, கோடே இல்லாத வெளிர்சாம்பல். எனக்கு இதுவும் சாம்பல், அதுவும் சாம்பல். இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சிக்கல் என்னவென்றால் லாவண்டர் ஒளிந்துகொள்ளும் நிறம். லாவண்டர் சேவலைக் கருப்புப் பெட்டையோடு சேர்த்தால் முதல் தலைமுறை மொத்தமும் அட்டைக்கருப்பு. அவற்றை ஆறேழு மாதம் வளர்த்து, தங்களுக்குள்ளேயே சேர்த்து, முட்டை வைத்த பிறகு நாலில் ஒன்றாக லாவண்டர் எட்டிப் பார்க்கும். அதுவரை தீவனம் தின்னும் ஒரு கருப்புப் பட்டாளம்! வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம், “இந்தக் கருப்புக் கோழிக்கா இத்தனை கூண்டு?” என்று கேட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன் பதிலே சொல்வதில்லை. நேரடியாகவே லாவண்டரோடு லாவண்டரைச் சேர்க்கலாமே என்றேன். சேர்க்கலாம், நிறம் மாறாமல் வரும், ஆனால் வால் இறகு நைந்து பிய்ந்து வரத் தொடங்குமாம். அவ்வப்போது கருப்புக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

கருப்புப் பட்டாளம் இட்ட முதல் முட்டைகளுக்கு என்ன ஆனது தெரியுமா? அண்ணனுடைய அம்மா ஆம்லெட் போட்டுவிட்டார். பென்சிலால் தேதியும் கூண்டு எண்ணும் எழுதி, தனியாகத் தட்டில் வைத்திருந்த முட்டைகள். “பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைக்குக் குடுத்தேன். முட்டைன்னா திங்கத்தானே?” என்று அம்மா என்னிடமும் நியாயம் கேட்டார். நான் அந்த வீட்டில் சாப்பிட வேண்டியிருந்ததால் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். அன்றிலிருந்து முட்டை பீரோவில்.

சேவலை மாற்றுவதிலும் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும். புதுச் சேவலை விட்டதும் கிடைக்கிற முட்டைக்குத் தகப்பன் யாரென்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று வாரம் போகட்டும் என்று அவற்றைச் சமையலறைக்கு அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு அந்த மூன்று வாரமும் தீபாவளி.

கீழே இறங்கினால் குஞ்சு பொரிக்கும் பெட்டி, தெர்மோகோலில் அவரே செய்தது. 37.5 டிகிரி. கரண்ட் போனால் ஹால் இருட்டிவிடும், ஃபேன் நின்றுவிடும். இன்வெர்ட்டர் பெட்டிக்கு மட்டும்! வியர்வையைத் துடைத்துக்கொண்டு முட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது குடும்பம். பதினெட்டாம் நாள் ஒவ்வொரு கூண்டு முட்டையையும் தனித்தனி வலைப்பையில் போட்டுவிடுகிறார்கள், வெங்காயம் வாங்குகிற அதே பை. இருபத்தோராம் நாள் எல்லாம் சேர்ந்து பொரித்துக் கலந்துவிட்டால் எந்தக் குஞ்சு எந்த வீட்டுப் பிள்ளை என்று யார் கண்டார்?

நான் போன நேரம் ஒரு பை பொரிந்திருந்தது. கருப்புச் சேவலுக்கும் வரிக்கோழிப் பெட்டைக்கும் பிறந்தவை. மகள் ஒவ்வொன்றாக எடுத்து உச்சந்தலையைப் பார்த்து, “பையன்... பொண்ணு... பொண்ணு...” என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போனாள். தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். தாய்க்கோழியின் வரி மகன்களுக்கு மட்டுமே போகும், மகள்களுக்குப் போகாது. ஈரம் காயாத குஞ்சு ஒன்றை நானும் பார்த்துச் சொன்னேன். சரியாகச் சொன்னேன், சாட்சிக்கு அம்மா இருக்கிறார்!

கண்காட்சிக்கு முந்தின நாள் இந்த வீட்டுக் குளியலறை மனிதர்களுக்குக் கிடையாது. பேபி ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், அண்ணியின் ஹேர் டிரையர். வெள்ளைக் கோழிக்குக் கடைசி அலசலில் சொட்டுநீலம், கொண்டைக்குத் தேங்காய் எண்ணெய். சூடான காற்று பட்டதும் சேவல் கண்ணைச் சொக்கி அப்படியே மடியில் சாய்ந்துவிடுகிறது. நிறம் தேறாதவை ஞாயிற்றுச் சந்தைக்கும், சில நேரம் குழம்புக்கும் போகின்றன. அதை யாரும் மறைக்கவில்லை. அண்ணன் மட்டும் அன்றைக்கு ரசம் ஊற்றிக்கொள்வாராம்.

பக்கத்துத் தெருக்காரர் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர். மயில், கீரி, காகம் என்று சேவலின் நிறத்தைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார். இந்தச் சீனத்துக் குட்டைகளைப் பார்த்து, “இதெல்லாம் ஒரு கோழியா?” என்று உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் விடவில்லை. “உங்க சேவலோட மஞ்சக் காலு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?” கேள்வி சரிதான். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் காலுக்கான மரபணு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கலப்பு என்றைக்கோ நடந்துவிட்டது!

இதைப் படித்துவிட்டு உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் ஒன்று செய்யுங்கள். குஞ்சை மட்டும் பார்த்துக் காசை நீட்டாதீர்கள், பஞ்சிறகு உதிர்ந்ததும் நிறம் மாறும். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். “புளூ ஜோடி சார், எல்லாக் குஞ்சும் புளூவாத்தான் வரும்” என்று யாராவது சத்தியம் செய்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுங்கள்.