யார் பக்கம் நிற்பது?

போன எபிசோடுல சொன்ன ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலைப் படிச்சுட்டு, “இதுல யாரைத்தான் பிடிக்கணும்?”னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டா. எனக்கும் அதே குழப்பம்தான்.

டி. ஹெச். லாரன்ஸ் 1928-ல வெளியிட்ட கதை. முதல் உலகப் போரில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்த பணக்காரர் கிளிஃபோர்ட். அவர் மனைவி கானி. அவங்க எஸ்டேட் காட்டைப் பார்த்துக்கிற மெல்லர்ஸ்.

கிளிஃபோர்டைப் பார்த்தா பாவமா இருக்கு. ஆனா, வேறொருத்தர் மூலமா வாரிசு பெத்துக் கொடுத்தாலும் சரின்னு மனைவிகிட்ட அவரே சொல்றாரு. கானியோட தவிப்பு புரியுது. ஆனா மெல்லர்ஸோட குழந்தையை, வெனிஸ் போன இடத்துல வந்ததா காட்டத் திட்டம் போடறா. மெல்லர்ஸ் மென்மையானவர்தான். ஆனா பழைய உறவுகளைப் பத்திப் பேசும்போது பெண்கள் மேல கொட்டுற வெறுப்பு கசக்குது.

கோடுல தப்பான வரியைக் கண்டுபிடிச்சா என் வேலை முடிஞ்சுது. இங்க அப்படி ஒரு வரி இல்லை. இவங்க படற வலியும் நிஜம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற வலியும் நிஜம்.

1960-ல இந்த நாவலுக்காக பென்குயின் மேல லண்டனில் ஆபாச வழக்கு நடந்து, குற்றமில்லைன்னு தீர்ப்பு வந்துச்சு. கானிக்கும் நாம தீர்ப்பு எழுதியே ஆகணுமா என்ன? குழப்பத்தோடயே புத்தகத்தை மூடி வைக்கலாம், தப்பில்லை.