இரண்டு மொழிக்கு ஒரு வேலை – 7: முதலில் புள்ளி, பிறகு எழுத்து

பயோடேட்டாவின் அடியில் 'தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம்' என்று ஒற்றை வரி எழுதி முடித்துவிடாதீர்கள் என்று போன வாரம் சொன்னேன். அந்த வரிக்குப் பதிலாக எதைக் காட்டுவது என்று மயிலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நேர்காணலைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அங்கே போவோம்.

காட்ட வேண்டியது இரண்டு மொழியிலும் டைப்ரைட்டிங் சான்றிதழ்.

திண்டிவனத்தில் காலையிலேயே டைப் இன்ஸ்டிடியூட் படியேறும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிமேடுப்பேட்டை, ஒலக்கூர், மரக்காணம் பஸ்களில் வந்து இறங்கி, ஒரு மணி நேரம் தட்டிவிட்டு அரசு கலைக் கல்லூரிக்கு ஓடுகிறவர்கள். அவர்களில் நிறையப் பேர் 'இங்கிலீஷ் லோயர்' முடித்து, 'இங்கிலீஷ் ஹையரும்' முடித்து, அதோடு நின்றுவிடுகிறார்கள். தமிழ்தான் நமக்குத் தெரியுமே, அதற்கு எதற்குத் தனியாக ஃபீஸ் கட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். கைக்கு எட்டிய வேலை நழுவுவது இந்த இடத்தில்தான்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிக்கையில் தட்டச்சர் பதவிக்குக் கேட்டிருக்கும் தகுதியை நிதானமாகப் படியுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கு முதலிடம். ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் என்பவர்கள் அதற்கு அடுத்துத்தான். ஆங்கிலத்தில் விரல் எவ்வளவு பறந்தாலும், தமிழில் லோயர்கூட இல்லாதவர் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. இளநிலை உதவியாளர் பதவிக்கு மாநிலம் முழுக்கப் போட்டி. தட்டச்சர் பதவிக்கோ இந்தச் சான்றிதழ்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்குள் மட்டும்தான் போட்டி. இரண்டு மொழி தெரிந்தவருக்கு அரசு தனியாக ஒரு வாசலே வைத்திருக்கிறது. அதை இங்கிலீஷ் ஹையரோடு நின்றுபோய் நாமே மூடிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

தமிழ் தெரிந்தவர் தமிழில் தட்டிவிடலாம் என்பது சரியில்லை. ஏன் என்று தேடிப் போனபோது கிடைத்த செய்திதான் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர் ஆர். முத்தையா. இளம் வயதிலேயே பிழைப்புத் தேடி மலாயா போய், சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் கடிதங்கள் மளமளவென்று மெஷினில் அடித்து வருவதைத் தினமும் பார்த்த அவருக்கு, தமிழில் இது ஏன் கூடாது என்ற எண்ணம் விடவில்லை. நமக்கு 247 எழுத்து. ஒரு மெஷினில் அத்தனைக்கும் விசை வைக்க இடம் கிடையாது. அவர் கண்டுபிடித்த வழி, நகரா விசை. ஆங்கில மெஷினில் ஒரு விசையைத் தட்டினால் வண்டி ஓர் எழுத்து தூரம் நகரும். முத்தையாவின் மெஷினில் புள்ளியையும் இகர, ஈகாரக் குறிகளையும் தட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். அதனால் 'க்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. பேனா போகும் முறைக்கு நேர் எதிர். ஜெர்மனியின் செய்டல் அண்ட் நௌமான் நிறுவனம் அவருக்காகத் தமிழ் மெஷின்களைச் செய்துகொடுத்தது. 'பிஜோ' என்ற கையடக்க மெஷின் அப்படி வந்ததுதான்.

நம்ம ஊர்ப் பெயரையே அடித்துப் பாருங்கள். இகரக் குறி, அதன் மேல் த. புள்ளி, அதன் மேல் ண. டி என்ற எழுத்துக்குத் தனி விசையே உண்டு. அதன் கொக்கி மற்ற எழுத்துகளைப் போல ஒட்டாது. பிறகு வ, ன. மறுபடி புள்ளி, அதன் மேல் ம. மொத்தம் 9 தட்டு, வண்டி நகர்வது 6 முறை. இதையே ஆங்கிலத்தில் அடித்தால் 10 தட்டு, 10 நகர்வு. இடது கையில் ஆங்கிலத்தின் ஏ, எஸ், டி, எஃப் இருக்கும் இடத்தில் ய, ள, ன, க. வலது சுண்டுவிரலுக்கு அடியில் புள்ளி. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி நகராது. அந்தப் பாரம் முழுவதையும் இருப்பதிலேயே வலுவில்லாத விரல் சுமக்கிறது. இங்கிலீஷ் ஹையர் முடித்தவர் தமிழில் உட்கார்ந்ததும் தடுமாறுவது இதனால்தான். மொழி தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை அது. விரல் புதிதாகப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இங்கிலீஷ் ஹையருக்குப் பணம் கட்டும்போதே தமிழ் லோயருக்கும் கட்டிவிடுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு 2 முறைதான் தேர்வு நடத்துகிறது. ஒன்றை விட்டால் அரை வருஷம் போச்சு. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஸ்பீடு தாளில் தேறிவிட்டுக் கடிதம், ஸ்டேட்மென்ட் தாளில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். பயிற்சி நேரத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்.

ஆபீஸில் மெஷின் ஏது, கம்ப்யூட்டர்தானே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் தட்டச்சருக்கு ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேட்கிறார்கள். இப்போது இல்லாவிட்டாலும் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் தமிழ்99 என்று வேறொரு விசைப்பலகை உண்டு. 1999இல் அரசு ஏற்றது. அதில் மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் வேறு கணக்கு. தமிழ் ஹையர் முடிக்கும் வரை அதன் பக்கம் போகாதீர்கள், விரல் குழம்பிவிடும். என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரலை வைத்தே யூனிகோடில் அடிக்கலாம்.

இன்னொன்று. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு குரூப் 4இல் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு இந்த வாரம் இடம் இல்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் மெயில் ஆங்கிலத்தில் வரும், ஷிப்டில் பேச்சு தமிழில் நடக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சூப்பர்வைசர் வேலைக்கு என்ன கேட்பார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். போய் வந்தவர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.